கேம்பர் வேனில் இன்வெர்ட்டர் கத்துகிறதா? ஓவர்லோடா, பேட்டரி இறக்கமா என்று அறியும் வழி

வேனுக்குள் சமையலும் படுக்கையும் அமைத்துக்கொண்டு ஊர் சுற்றுபவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "மிக்சியைப் போட்டதும் இன்வெர்ட்டர் கத்தி அணைந்துவிடுகிறது. பெரிய பேட்டரி வாங்கிவிடலாமா?"

உடனே வாங்காதீர்கள். பதினைந்தாயிரம் ரூபாயைக் கடைக்காரரிடம் நீட்டுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை (வோல்டேஜ் அளக்கும் கருவி) எடுத்து அளந்து பாருங்கள். இன்வெர்ட்டர் கத்துவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. சுமை உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம். பேட்டரி உண்மையிலேயே இறங்கியிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, நடுவில் உள்ள ஒயர் வோல்டேஜைத் தின்றுகொண்டிருக்கலாம். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது. என் டிராவலர் வண்டியில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் (ஆசிட் வகை) பேட்டரியும் 1000 வாட் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரும். கீழே உள்ள கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

படி 1: சுமையைக் கூட்டிப் பாருங்கள்

இன்வெர்ட்டர் மேல் 1000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருந்தால் அது 1000 வாட் தரும் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் 800 வாட் அளவுக்குத்தான் தாங்கும். அடுத்து, மோட்டார் உள்ள எந்தப் பொருளும் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் மிக்சியும் ஒரே நொடியில் கிளம்பினால், தனித்தனியே சமாளிக்கும் இன்வெர்ட்டர்கூட விழுந்துவிடும். மிக்சி போடும் ஐந்து நிமிடத்துக்கு ஃபிரிட்ஜை நிறுத்திவையுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு பற்றி என் கருத்து உறுதியானது: சிறிய வேனில் அது வேண்டாம். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஓடினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 190 ஆம்பியர் வரை உறிஞ்சும். குறைத்து வைத்தாலும் பல அடுப்புகள் இழுக்கும் வாட்டைக் குறைப்பதில்லை; கூடுதல் வாட்டிலேயே விட்டு விட்டு ஓடுகின்றன. சமையலுக்குக் கேஸ், காற்றுக்குத் திறந்த ஜன்னல். அதுவே போதும்.

படி 2: ஒயர் தின்னும் வோல்டேஜைப் பிடியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இந்த இடத்தில்தான். முந்தைய இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி. சுமையோ 700 வாட் ரைஸ் குக்கர் மட்டும். அப்படியும் 'லோ பேட்டரி' விளக்கு எரிந்தது.

ரைஸ் குக்கரைப் போட்டு ஓடவிடுங்கள். மிக்சி போல ஏறி இறங்காமல் சீராகக் கரண்ட் எடுப்பதால் அளப்பதற்கு அதுதான் தோதானது. மல்டிமீட்டரைப் பேட்டரியின் முனைகளில் வையுங்கள். உடனே இன்வெர்ட்டரின் டி.சி. முனைகளில் (பேட்டரி ஒயர் வந்து சேரும் இடம்) வையுங்கள். என் வண்டியில் பேட்டரியில் 11.7 வோல்ட், இன்வெர்ட்டரில் 10.9. வழியில் 0.8 வோல்ட் காணாமல் போயிருந்தது. பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டில் நின்றுவிடும். குக்கரோடு மிக்சியும் கிளம்பினால் அந்த எல்லையைத் தொட ஒரு நொடி போதும். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

அந்த 0.8 எங்கே போனது என்று கண்டுபிடிக்க, மீட்டரை 2 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு ஒயர் நெடுக ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போங்கள்: பேட்டரி முனைக்கும் லக்குக்கும் (ஒயரின் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) நடுவில், ஃபியூஸின் இரு பக்கமும், பிறகு இன்வெர்ட்டரின் முனை. கறுப்பு ஒயரிலும் அப்படியே. கடையில் மாட்டிக்கொடுத்தது 16 சதுர மி.மீ. ஒயர். போக ஒன்று, வர ஒன்று என மொத்தம் 6 மீட்டர். 75 ஆம்பியர் ஓடும்போது அந்தச் செம்பிலேயே அரை வோல்ட் போய்விடும். மீதி 0.3 வோல்ட், சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்த ஒரு லக்கிலும் ஃபியூஸ் பிடிப்பிலும் இருந்தது. 0.3 வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். 75 ஆம்பியரோடு பெருக்கினால் 22 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் அளவு சூடு, மரப் பலகைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில். அந்த லக்கின் மேல் இருந்த சிவப்பு உறை பழுப்பாகி, விரல் நகத்தால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. வண்டிக்குள் குடும்பம் தூங்குகிறது என்பதை நினைத்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

தீர்வு எளிது. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 230 வோல்ட் பக்கம் அதே 700 வாட்டுக்கு 3 ஆம்பியர்தான் ஓடும் என்பதால், அந்த ஒயர் நீளமாக இருந்தால் பாதகமில்லை. நான் 50 சதுர மி.மீ. ஒயருக்கு மாற்றி, போக்கும் வரவுமாக 2.4 மீட்டருக்குள் அடக்கினேன். இப்போது ஒயரில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே. லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சொந்தமாக இல்லையென்றால் வெல்டிங் கேபிள் விற்கும் கடைகளில் அழுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 150 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அதனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் தடுப்பு வையுங்கள், பேட்டரிப் பெட்டிக்கு வெளிக்காற்று போகும் துளை இருக்கட்டும். வேலை தொடங்கும் முன் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

படி 3: பேட்டரி உண்மையில் எவ்வளவு தரும்?

150 ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. 75 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் வராது. ஒன்றேகால் மணி நேரமே அரிது. அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். எல்லாச் சுமையையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு அளந்தால் 12.7 வோல்ட் என்பது முழுச் சார்ஜ், 12.2 என்பது ஏறக்குறைய பாதி. அங்கே நின்றுவிடுங்கள். சுமை ஓடும்போது பார்க்கும் வோல்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரவில் பலர் கவனிக்காத கசிவு ஒன்று உண்டு. எதுவும் செருகாமல் இருந்தாலும் இன்வெர்ட்டர் 15 வாட் அளவுக்குத் தின்னும். ஒரு நாளைக்கு 360 வாட் மணி, அதாவது 30 ஆம்பியர் மணி. நாம் பயன்படுத்தக்கூடிய 75இல் இது ஐந்தில் இரண்டு பங்கு. ராமேசுவரத்துப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் தூங்க முடியாதுதான். அதற்காக இன்வெர்ட்டரை ஓடவிடவேண்டாம். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறி, எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர் ஆகியவற்றைத் தனிச் சுற்றில் கொடுத்துவிட்டு, படுக்கும் முன் இன்வெர்ட்டரை அணையுங்கள்.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடும் என்றும் எண்ணாதீர்கள். ஆசிட் பேட்டரியின் கடைசி 20 சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். வாரம் ஒருமுறையாவது தங்கும் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ இரவு முழுக்கச் சார்ஜரில் போடுங்கள்.

பிற்சேர்க்கை: லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு

இதைப் படித்த ஒரு நண்பர் 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியும் 1500 வாட் இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறார். அவருக்கு எச்சரிக்கைச் சத்தமே வருவதில்லை. சட்டென்று எல்லாம் இருட்டாகிவிடுகிறது. காரணம் பேட்டரிக்குள் இருந்து அதைப் பாதுகாக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுச் சுற்று. அவருடையது 100 ஆம்பியர்தான் விடும். அவருடைய இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 130க்கும் மேல் கேட்கும். லித்தியம் வாங்கும்போது ஆம்பியர் மணியைவிட, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பதை முதலில் கேளுங்கள். இதில் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், படி 3இல் சொன்ன அளவீடு பயன்படாது. ஷண்ட் (உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த பேட்டரி மானிட்டர் தேவை. எல்லா நெகட்டிவ் ஒயர்களும் அந்த ஷண்ட் வழியாகவே போகவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு தப்பிவிடும். ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக ஏற்றாதீர்கள். லித்தியம் இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகக்கூடும். நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள்.

இன்னொருவர், இன்வெர்ட்டரின் ஒயரை மாட்டும் நொடியிலேயே பி.எம்.எஸ். துண்டித்துவிடுகிறது என்றார். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரேயடியாக நிரம்புவதால் வருவது இது. இன்வெர்ட்டரை அணைத்த நிலையில் வைத்து, பாசிட்டிவ் முனைக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைச் சில நொடிகள் பிடியுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியதும், உடனே ஒயரை மாட்டிவிடலாம்.