பிளைவுட்டில் தீயைத் தாமதப்படுத்த வெங்காரப் பூச்சு: வீட்டிலேயே செய்யும் முறை

நகைப் பட்டறையில் பற்றவைக்கத் தூவுகிற வெங்காரமும் (போராக்ஸ்), கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் (போரிக் அமிலம்)தான் சரக்கு. பூசிவிட்டால் பலகை எரியவே எரியாது என்று நினைக்காதீர்கள். தீப்பிடிக்கத் தாமதமாகும், படரும் வேகம் குறையும். கிடைப்பது கொஞ்சம் நேரம், அவ்வளவுதான்.

ஏன் இரண்டும்? வெங்காரம் சுடர் பரவுவதை மட்டுப்படுத்தும். ஆனால் அதை மட்டும் பூசினால், சுடர் அணைந்த பிறகும் மரம் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அந்தக் கனலை அடக்குவது போரிக் அமிலம். சூட்டில் உருகி, கண்ணாடிபோல் படலமாகி மரத்தை மூடும். இன்னொரு வசதி: தனித்தனியாகக் கரைவதைவிட, சேர்த்துப் போட்டால் இரண்டும் தண்ணீரில் கூடுதலாகக் கரையும்.

முதலில் பலகை. லேமினேட், பாலிஷ் எதுவும் ஏறாத வெறும் பலகையாக இருக்கட்டும். மேலே படலம் இருந்தால் கரைசல் உள்ளே இறங்காது. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், தண்ணீர் பட்டால் உப்பிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.

கையுறை, முகக்கவசம் கட்டாயம். போரிக் அமிலம் கருவைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பிணிகள் இந்த வேலைப் பக்கமே வரவேண்டாம். சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

ஒரு லிட்டர் வெந்நீரில் வெங்காரம் 50 கிராம், போரிக் அமிலம் 50 கிராம் போட்டுத் தெளியும்வரை கலக்குங்கள். பாக்கெட்டில் ‘போரிக் ஆசிட்’ என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கேரம் பவுடர் எல்லாமே அதுவாக இருக்காது.

சூடு ஆறுவதற்குள் பிரஷ்ஷால் பூசுங்கள். மூன்று கோட்டிங், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. எல்லாரும் கோட்டை விடுவது ஓரங்களில்தான். அறுத்த விளிம்பு கரைசலை நன்றாகக் குடிக்கும், தீயும் அங்கேதான் சுலபமாகப் பற்றும். அங்கே கூடுதலாக இரண்டு தடவை பூசுங்கள்.

சிங்க்கின் அடியிலும் வெளிச்சுவரிலும் இது பிரயோசனப்படாது. ஈரம் பட்டால் பூசிய சரக்கு கரைந்து போய்விடும். கடை, மண்டபம் என்றால் ஐ.எஸ். 5509 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள தீத்தடுப்பு பிளைவுட்டையே வாங்குங்கள். கைப்பூச்சு அதற்கு ஈடாகாது.

கடைசியாக, பூசிய துண்டு ஒன்று, பூசாத துண்டு ஒன்று. திறந்தவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, இரண்டின் விளிம்பையும் ஒரே நேரம் சுடரில் காட்டி எடுங்கள். பூசிய துண்டில் சுடர் சீக்கிரம் அணைந்தும் கனல் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தால் போரிக் அமிலம் போதவில்லை. இன்னொரு கோட்டிங் போடுங்கள்.