ஓட்டாஞ்சில்லில் உங்கள் பிள்ளையின் பெயர்: வீட்டிலேயே வாசிப்பும் பழைய வரலாறும்

பிள்ளைக்கு வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் காலையில் எழுத்து, அப்புறம் வாசிப்பு, சாயங்காலம் கதை, வாரத்தில் ஒருநாள் வரலாறு என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆறேழு வயசுக்கு அந்தப் பிரிவினை வேண்டாம் என்பேன். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய தமிழ் எழுத்துகளில் ஏராளமானவை பானை ஓடுகளில் கீறிய ஆட்பெயர்கள். பிள்ளை முதலில் எழுத ஆசைப்படுவதும் தன் பெயரைத்தான். அங்கிருந்து தொடங்கினால் எல்லாமே ஒரே பாடமாக நடக்கும்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். வீட்டில் கொங்குத் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம், வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். மகளுக்கு ஆறு வயசு. அவள் அப்பா தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே கிளம்பிவிடுவார். வீட்டு வேலை முடிந்து பத்து மணிக்கு மேல் எங்கள் பாடம். ஒரே மூச்சில் அரைமணிக்கு மேல் உட்கார வைப்பதில்லை.

எழுத்தை அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காதீர்கள். அ, இ, ஈ எல்லாம் சுழியும் வளைவுமாகச் சின்ன விரலுக்குப் பாடு. ட, ப நேர்கோட்டு எழுத்துகள், ம-வில் ஒரு வளைவு மட்டும் உண்டு. இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்த அன்றே படம், மடம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்களை வாசித்துவிடலாம். முதல் நாளிலேயே ஒரு சொல்லைத் தானாக வாசித்த பிள்ளை அடுத்த நாள் தானே அட்டையைத் தூக்கிக்கொண்டு வரும். பிறகு ய, ர, த, க, ச, ல. சித்தூரில் எழுத்தச்சன் குருமடத்தில் விஜயதசமிக்குப் பிள்ளைகளை அரிசியில் எழுத வைப்பார்கள். நான் அதை அன்றாடப் பழக்கமாக்கிக்கொண்டேன். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுவேன். தப்பினால் ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும். பென்சில் பிறகு வரட்டும்.

மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் பிள்ளைக்கு ஒரு இடறல் உண்டு. மலையாளத்தில் க-வின் வல்லொலிக்கு ஒரு எழுத்து, மெல்லொலிக்கு வேறு எழுத்து. தமிழில் கல், தங்கம், அகல் மூன்றிலும் அதே க. "ஏம்மா ஒரே எழுத்து வேற வேற மாதிரிக் கேக்குது?" என்று பிள்ளை கேட்டால் அது நல்ல காது என்று அர்த்தம், பாராட்டுங்கள். விதியை ஒப்பிக்க வைக்க வேண்டாம். க வரும் சொற்களை அட்டைகளில் எழுதி மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: சொல்லின் தொடக்கத்தில் வருவது, ங்-க்குப் பின்னால் வருவது, நடுவில் தனியாக வருவது. வாய்விட்டு வாசிக்கும்போது ஒலி மாறுவதை அவளே பிடித்துவிடுவாள். தலை, பந்து, பாதை என்று த-வுக்கும், பல், பாம்பு, கோபம் என்று ப-வுக்கும் இதே முறை. இதற்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். இது பிடிபட்டால் புதுச் சொல்லைப் பார்த்துப் பயப்படமாட்டாள்.

கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்பதால் கண் தடுமாறும். கொம்பை மட்டும் சிவப்பில் எழுதிக் காட்டினால் போதும். 18 மெய், 12 உயிர், பெருக்கினால் 216 உயிர்மெய் என்ற கட்டத்தை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்து சுவரில் ஒட்டி, சொல்லுக்குள் வாசித்துவிட்ட எழுத்துக்கு மட்டும் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். அகர வரிசை மனசில் பதிய ஆத்திசூடி உதவும், அதன் அடிகள் அந்த வரிசையில்தானே ஓடுகின்றன.

தன் பெயரின் எழுத்துகள் தெரிந்ததும் ஓட்டாஞ்சில்லை எடுங்கள். உடைந்த மண்சட்டியில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று, விளிம்பைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். ஆணியைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பிடித்து, அவள் பெயரைக் கீற வையுங்கள். சுட்ட மண் லேசில் கொடுக்காது. ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து, அழுத்தி, மெதுவாகத்தான் போட முடியும். நோட்டில் பத்துத் தடவை எழுதுவதைவிட இது நன்றாகப் பதிகிறது.

அப்போது கொடுமணலைச் சொல்லுங்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிற ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்கிறார்கள். 1980-களிலிருந்து அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. பச்சைக்கல், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகளும், தமிழ்ப் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. பழைய எழுத்தில் க என்பது ஒரு கூட்டல் குறி. ர என்பது மேலிருந்து கீழே ஒரு கோடு. இந்த இரண்டைக் காட்டினாலே போதும், பிள்ளை திண்ணைத் தரையெல்லாம் ரகசிய எழுத்து எழுத ஆரம்பித்துவிடும். செங்கடல் ஓரம் எகிப்தில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்திலும் கண்ணன், சாத்தன் என்று தமிழ்ப் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. "யாரும்மா அந்தக் கண்ணன்?" என்று கேட்பாள். அவர் பெயர் தெரியும், அவர் முகமோ ஊரோ தெரியாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். கதை கட்ட ஆசையாக இருந்தால் "இது நாம கட்டுற கதை அம்மிணி" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கட்டுங்கள். கிடைத்தது எது, நினைத்துக்கொள்வது எது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இந்த வயசிலேயே வரவேண்டும். வரலாற்றில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

நாங்கள் இருக்கும் இடமே பாதிப் பாடம். மாடியில் ஏறினால் வடக்கே ஒரு மலை வரிசை, தெற்கே ஒரு மலை வரிசை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் திறப்பு. ஆடிக்காற்று அந்த வழியாகத்தான் வந்து அடிக்கிறது. மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து கொடுமணலுக்கும் கரூருக்கும் வணிகம் போனதும் இந்தக் கணவாய் வழியாகத்தான். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. ஒரு கைப்பிடி மிளகைக் கொடுத்து முகர்ந்து, எண்ணி, கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே மிளகு எகிப்தின் பெரனிகே துறைமுகத்துக் கோயிலில் ஒரு இந்தியப் பானைக்குள் ஏழு கிலோவுக்கு மேல் கிடைத்தது. முசிறியில் சரக்கேற்றிய ஹெர்மபோலன் என்ற கப்பலின் பெயர் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளில் இருக்கிறது, தாள் இப்போது வியன்னாவில். இப்படி மிளகைப் பிடித்துக்கொண்டே எகிப்துக்குப் போய்விடலாம். நைல் வெள்ளம், பிரமிடு, பட எழுத்து எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். தூரத்து ஊரிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்குப் பிடிமானம் கிடைக்காது.

காலம் என்பது இந்த வயசில் புரியாத ஒன்று. "ரெண்டாயிரம் வருசம்" என்றால் பாட்டி காலமா என்று கேட்பாள். தேங்காய்க் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் இன்றைக்கு என்று முடிச்சுப் போட்டு, ஒரு சாணுக்கு நூறு வருசம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பிச்சி, அதாவது தாத்தா, பிறந்தது முக்கால் சாணுக்குள். ஹெர்மபோலன் கப்பல் பதினெட்டுச் சாணுக்கு மேல். கீசாவின் பெரிய பிரமிடு நாற்பத்தைந்து சாணுக்குச் சற்றுத் தள்ளி. ஹரப்பா நகரங்கள் செழித்திருந்த காலமும் அந்தப் பக்கமே தொடங்குகிறது. ரெண்டு தென்னைக்கு நடுவில் கயிற்றைக் கட்டி, படித்த ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு சீட்டு எழுதிச் செருகட்டும். அந்தச் சீட்டுதான் அன்றைய எழுத்துப் பயிற்சி.

ஹரப்பாவுக்குச் செங்கல் போதும். கனம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நாலு என்ற விகிதத்தில் களிமண்ணில் பிடித்து வெயிலில் காயவைத்து அடுக்கினால், மூலைகள் எப்படிப் பூட்டிக்கொள்கின்றன என்பது கைக்கே தெரியும். மிச்சக் களிமண்ணைத் தட்டையாக்கி ஈர்க்குச்சி நுனியால் அழுத்தி எழுதினால் மெசபொட்டேமியாவின் களிமண் எழுத்து.

மொழிக்கு நான் செய்வது ஒன்றே. அன்றைக்குக் கேட்டதை அவள் நாலு வாக்கியத்தில் திருப்பிச் சொல்வாள், நான் அவள் சொன்னபடியே எழுதுவேன். "கப்பல் வந்துச்சு, மொளகு வாங்கீட்டுப் போயிருச்சு." அதையே அவள் வாசிப்பாள். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் தடங்கல் இருக்காது. சில நாள் கழித்து அதே நாலு வரியைப் புத்தகத் தமிழில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ரெண்டுக்கும் உள்ள உறவு பிடிபடும். நடுவில் மலையாளச் சொல் கலந்து வந்தால் அதட்ட வேண்டாம், ரெண்டு மொழி இருக்கிற பிள்ளை அப்படித்தான் பேசும். வாரம் ஒருமுறை அப்பிச்சிக்கு ஒரு தபால் அட்டை. வாசிக்கப் புத்தகம் தீர்ந்துபோனால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே வாசிக்கலாம்.

"நாளைக்குப் பத்தாவது எப்படி எழுதுவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயசானால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஆறு வயசில் அந்தக் கவலையைப் பாடத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

ஓரளவு வாசிக்க வந்தபின் கீழடிக்குக் கூட்டிப் போங்கள், அருங்காட்சியகம் 2023-ல் திறந்தார்கள். எல்லாவற்றையும் காட்ட முனைந்தால் பிள்ளை களைத்துவிடும். மூன்று பொருளை அவளே தேர்ந்தெடுக்கட்டும், அவற்றின் குறிப்பு அட்டையை அவளே வாசிக்கட்டும், அங்கேயே உட்கார்ந்து படம் வரையட்டும். எத்தனை நேரமானாலும் பக்கத்தில் நில்லுங்கள், தெரியாத எழுத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.