சினிமா விஞ்ஞானியைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

எந்திரன் படத்தில் ஒரு காட்சி. விஞ்ஞானி வசீகரன் பல வருடம் உழைத்துச் செய்த சிட்டி என்ற ரோபோவை மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் நிறுத்துகிறார். குழுவின் தலைவர் போரா, வசீகரனைக் குத்தச் சொல்லிச் சிட்டிக்குக் கட்டளையிடுகிறார். சிட்டியும் கத்தியோடு பாயப் போகிறது. நல்லது கெட்டது தெரியாத இயந்திரம் ஆபத்தானது என்று குழு அனுமதி மறுத்துவிடுகிறது. 2010இல் தியேட்டரில் பார்த்தபோது போரா மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. ஒரு மனிதனின் இத்தனை வருட உழைப்பைப் பொறாமையில் ஒரே நிமிடத்தில் கெடுத்துவிட்டானே என்று.

பிறகு ஒருநாள் டிவியில் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தச் சோதனை சரியான சோதனை. சொன்னதையெல்லாம் செய்கிற இயந்திரத்திடம் ஒரு கெட்டவன் வந்து கட்டளையிட்டால் என்ன ஆகும்? ராணுவத்துக்குக் கொடுக்கப்போகும் ரோபோவிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். போராவின் மனசு கெட்டது, சரி. அவர் கேட்ட கேள்வியில் பழுதில்லை. அதைப் படமே சீக்கிரத்தில் காட்டிவிடுகிறது. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கேமராக்களின் முன்னால் விடுகிறது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி, லாரியில் அடிபட்டுச் சாகிறாள். இவ்வளவு நடந்தும் நம் கோபம் போரா மேலேயேதான் இருக்கிறது.

கேள்வி கேட்பவரை முட்டுக்கட்டையாகப் பார்ப்பது: அறிவியல் புனைகதைப் படங்களைப் பார்க்கும்போது நாம் செய்யும் பெரிய தவறு என்று இதைத்தான் சொல்வேன். படத்தில் குழு, கமிட்டி, அனுமதி என்று வந்தாலே அங்கே மூடரோ வில்லனோ உட்கார்ந்திருப்பார். நிஜத்தில் அறிவியலை நம்பலாம் என்று ஆக்குவதே அந்த ஆட்கள்தான்.

ஈர்ப்பு அலைகளை, அதாவது விண்வெளியில் பரவும் மிக நுண்ணிய அதிர்வுகளைத் தேடிய லைகோ திட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2010 செப்டம்பரில் கருவிகளில் ஓர் அருமையான சிக்னல் விழுந்தது. குழுவினர் மாதக்கணக்கில் அலசினார்கள், வெளியிடுவதற்கான கட்டுரையைக்கூட எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் எல்லாரும் கூடியிருக்க, ஒரு உறையைத் திறந்தார்கள். அந்த சிக்னல் போலி! குழு ஏமாறாமல் வேலை செய்கிறதா என்று பார்க்க, சிலர் மட்டும் அறிய, அவர்களே உள்ளே நுழைத்தது. போரா செய்ததைப் போன்ற சோதனைதான் இதுவும். ஆனால் அதைத் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று நிஜமான அலை வந்தபோதும், ஐந்து மாதம் சரிபார்த்த பிறகே, 2016 பிப்ரவரியில் உலகத்துக்குச் சொன்னார்கள். அந்தக் கட்டுரையில் கையொப்பமிட்டவர்கள் ஆயிரம் பேருக்கு மேல்.

இதைச் சொல்லும்போது அடுத்த தவறும் கூடவே வந்துவிடுகிறது. விஞ்ஞானி என்றால் தனியாள் என்ற நினைப்பு. சாப்பாடு தூக்கம் மறந்து, தாடி வளர்த்து, பூட்டிய அறைக்குள் ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடிப்பார். இந்தப் படிமம் பழையது. மேரி ஷெல்லி 1818இல் எழுதிய ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில் வரும் விஞ்ஞானி தனியாக உழைக்கும் ஒரு மாணவன். மின்னல் பாயும் கோபுர ஆய்வகமும் தவறான மூளையைத் திருடிவரும் உதவியாளனும் நாவலில் கிடையாது. 1931இல் வந்த ஹாலிவுட் படம் சேர்த்தவை. நம் மனதில் தங்கியது படத்தில் வந்த ஆய்வகம்தான்.

லாஜிக் ஓட்டைகளை மட்டும் தேடுவதும் ஒரு தவறே. 7ஆம் அறிவு படத்தில் வருவதுபோல, 1,600 வருடத்துக்கு முந்தைய முன்னோர் கற்ற வித்தை டிஎன்ஏவில் தூங்கிக்கொண்டிருக்காது. கற்றுக்கொண்டது டிஎன்ஏவில் எழுதப்படுவதில்லை. இந்த மாதிரி ஓட்டையைப் பள்ளி வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். விஞ்ஞானி எப்படிப்பட்டவர் என்று படம் மனதில் பதித்துவிடுவதைத் திருத்த எந்த வகுப்பிலும் பாடம் இல்லை.

அப்புறம், துயரத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வது. 2.0 படத்தின் பறவையியலாளர் பக்ஷிராஜன் நல்ல மனிதர். கண்முன்னே பறவைகள் செத்து விழுகின்றன. செல்போன் டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்று மனுப் போடுகிறார், கெஞ்சுகிறார், யாரும் காதுகொடுக்கவில்லை. கடைசியில் செல்போன் டவரில் தூக்கில் தொங்குகிறார். பார்க்கிற யாருக்கும் நெஞ்சு கனக்கும். 2018 நவம்பரில் படம் வெளிவரும் முன்பே, செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. நிறுவனங்கள் எதிர்த்ததாலேயே படம் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று பலருக்குத் தோன்றியிருக்கும். அவர் பட்ட பாடு வேறு, அவர் சொல்லும் காரணம் வேறு. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவிகள் நாடு முழுக்கப் பார்த்தால் ஓரளவு நிலையாகவே இருக்கின்றன, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கின்றன என்றது. டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி இல்லாமல் போவதையும் கூடு வைக்க இடம் இல்லாமல் போவதையும் ஆய்வாளர்கள் காரணங்களாகச் சொல்கிறார்கள். பறவைகள் மேல் உண்மையான அக்கறை இருந்தால் நாம் பார்க்க வேண்டியது அந்தப் பக்கம்.

“படம்தானே, யார் நம்பப்போகிறார்கள்” என்பார்கள் சிலர். படம் பார்த்தே ஊர் கெட்டுவிட்டது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் அவசர முடிவுகள். பருவநிலை மாற்றத்தால் பூமியின் வட பாதியே சில நாட்களில் உறைந்துபோவதாகக் காட்டும் ஹாலிவுட் படம் ஒன்று 2004இல் வந்தது. பிரிட்டனில் அதைப் பார்த்தவர்களிடம் ஆய்வு செய்தார்கள். பருவநிலை பற்றிய கவலை கூடியிருந்தது. ஆனால் பருவநிலை மாற்றத்தால் அப்படிப்பட்ட பேரழிவுகள் நேரும் என்ற நம்பிக்கை முன்பைவிடக் குறைந்துபோயிருந்தது. ஒரே படம் ஒரே ஆளிடம் பயத்தையும் கூட்டி, நம்பிக்கையையும் குறைக்கும்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1966 முதல் 1977 வரை டேவிட் வேட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 சிறுவர் சிறுமியரிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி, குடுவை. பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் சிறுமிகள். இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த அமெரிக்கத் தொகுப்பாய்வின்படி, 1985 முதல் 2016 வரையிலான ஆய்வுகளில் பெண் விஞ்ஞானியின் ஓவியங்கள் சராசரியாக 28 சதவீதம் ஆகியிருந்தன. சின்னக் குழந்தைகள் இருபாலரையும் ஏறக்குறைய சமமாக வரைகிறார்கள். வளர வளர ஆண்களே கூடுகிறார்கள். இதற்கு சினிமா மட்டுமே காரணம் இல்லை, பாடப்புத்தகமும் காமிக்ஸும் உண்டு. ஆனாலும் நாம் குழந்தையோடு உட்கார்ந்து பேச எளிதாகக் கையில் இருப்பது சினிமாதான்.

அதனால் படம் முடிந்ததும் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இவர் செய்தது தப்பாக இருந்தால் அதை யார் கண்டுபிடித்திருப்பார்?” கேட்டுவிட்டு, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கிய வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். வரிசை வரிசையாகக் கணினிகள், அவற்றின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களும் பெண்களும். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர், கல்பனா துணைத் திட்ட இயக்குநர். 2019இல் சந்திரயான்-2இன் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கிய பிறகு, எது எதெல்லாம் தவறிப்போகலாம் என்று முதலில் யோசித்து, அதற்கேற்ப அடுத்த லேண்டரை வடிவமைத்தவர்கள் அந்த அறையில் இருக்கிறார்கள்.