ஸ்பானரிலிருந்து சொத்து முகாமைத்துவத்துக்கு

சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் மோட்டர் திருத்துபவர் சொத்து முகாமைத்துவத்துக்கு (இயந்திரங்களை எப்போது திருத்துவது, எப்போது மாற்றுவது என்று செலவு பார்த்துத் தீர்மானிக்கும் வேலைக்கு) மாற முதலில் வேண்டியது சான்றிதழல்ல, பதிவேடு. பொருத்திய ஆண்டு, ஓடிய மணி, நின்ற மணி, திருத்தச் செலவு: பத்து இயந்திரங்களுக்கு ஓராண்டு எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பெயாரிங் விலையைப் போடுவார்கள், ஆலை நின்ற நட்டத்தை விட்டுவிடுவார்கள்.

பிறகு காசில் பேசப் பழகுங்கள். 15 கிலோவாட் சுமையில் ஓடும் பழைய மோட்டரின் வினைத்திறன் 88 சதவீதம், புதியது 92 என்று வையுங்கள். ஆண்டுக்கு 4,000 மணி ஓடினால் மிச்சம் ஏறத்தாழ 2,960 யூனிட். அதை மின்கட்டணத்தால் பெருக்கி, புது மோட்டர் விலையோடு ஒப்பிட்டு, ஒரே பக்கத்தில் முதலாளியிடம் கொடுங்கள். நேர்முகத் தேர்விலும் அந்தத் தாளையே காட்டலாம்.

சொத்து முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 55001ஐ (2024 பதிப்பு) இதற்குப் பிறகு படியுங்கள். முன்னரே எடுத்தால் மண்டையில் ஏறாது.