தோட்டத்துப் பசங்களுக்கு நகாதாவை அறிமுகப்படுத்துவது எப்படி

ஜொகூர் குளுவாங் பக்கம் தோட்டத் திடலில் பந்து உதைக்கிற பசங்களுக்கு ஜப்பான் ஆட்டக்காரர்களில் மித்தோமாவைத் தெரியும், குபோவைத் தெரியும். அதே ஜப்பானின் பழைய கால்பந்து நட்சத்திரம் ஹிதெதோஷி நகாதா என்றால் முழிப்பார்கள். அவர் 29 வயதிலேயே, 2006 உலகக் கிண்ணம் முடிந்த கையோடு விலகிவிட்டார், இவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை.

அவருடைய சாயம் போட்ட முடியையும் ஃபேஷன் படங்களையும் முதலில் காட்டாதீர்கள், சிரித்துவிட்டு டிக்டாக்குக்குப் போய்விடுவார்கள். ஜொகூர் பாருவின் லார்க்கினில் ஆரம்பியுங்கள். லார்க்கின் என்றால் பஸ் நிலையம் என்பார்கள் பசங்க. சரி, அதற்குப் பக்கத்திலேயே ஓர் அரங்கம் இருக்கிறதே, அங்கேதான் 1997 நவம்பர் 16-ல் ஜப்பானும் ஈரானும் மோதின, ஜெயிப்பவருக்கு நேராக உலகக் கிண்ணம் என்று சொல்லுங்கள். ஜப்பான் அதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை. நம்ம ஜொகூரில் நடந்தது என்றதும் போனைக் கீழே வைப்பார்கள்.

அந்த ஆட்டத்தின் காணொளியைப் போடும்போது ஒரு நிபந்தனை: கோல் போட்டவனைப் பார்க்கக்கூடாது, பந்து யார் காலிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நகாயாமாவின் முதல் கோலுக்குப் பந்து கொடுத்தது நகாதா. ஈரான் இரண்டு போட்டு முந்திய பிறகு ஜோ தலையால் முட்டிச் சமன் செய்தாரே, அந்தப் பந்தைத் தூக்கிப் போட்டதும் அவர்தான். கூடுதல் நேரத்தில், 118-வது நிமிடத்தில், நகாதா உதைத்ததைக் கோல்காவலர் தட்டிவிட, ஒகானோ சறுக்கி வந்து உள்ளே தள்ளினார். 3-2. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுபவரே ஜெயிப்பவர் என்ற தங்க கோல் விதி இருந்த காலம், ஆட்டம் அங்கேயே முடிந்தது. நகாதாவுக்கு வயது 20.

அவர் அடுத்துப் போன பெருஜியா கிளப்பை ஒரே வரியில் முடிக்கலாம்: 1998-ல் இத்தாலியில் முதல் லீக் ஆட்டத்திலேயே யுவெந்துஸுக்கு எதிராக இரண்டு கோல், ஆனாலும் அணி 4-3 என்று தோற்றது. அப்புறம் 2001 மே 6, தூரின், மறுபடியும் யுவெந்துஸ், இந்தத் தடவை நகாதா ரோமா அணியில். 2-0 என்று பின்தங்கிய ரோமாவுக்காக அதன் நட்சத்திரம் தொத்தியை எடுத்துவிட்டு இவரை இறக்கினார்கள். தூரத்திலிருந்து ஒன்று போட்டார், இன்னொரு உதையைக் கோல்காவலர் தட்டிவிட மொந்தெல்லா சமன் செய்தார். அந்தப் பருவம் ரோமா யுவெந்துஸைவிட இரண்டே புள்ளி கூடுதலாக எடுத்து லீக்கை வென்றது. நகாதாவை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டால் இங்கிலீஷ் லீக் இல்லாத நாளாகப் பார்த்து மாமாக் கடைக்காரரிடம் கேளுங்கள், எல்லாருக்கும் தே தாரிக் சொன்னால் மறுக்க மாட்டார். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அந்தக் கால மலேசிய ஆட்டக்காரர்கள் மொக்தார் டஹாரி, ஆறுமுகம் என்று இழுத்தால் தடுக்காதீர்கள், அதுவும் பசங்க காதில் விழட்டும். ஓய்வுக்கு அப்புறம் என்ன செய்தார் என்று கேட்டால், ஊர் ஊராகச் சுற்றினார் என்று சொல்லி நிறுத்துங்கள், சாக்கே மது வியாபாரக் கதை பதினெட்டு வயதுக்கு மேல்.

மறுநாள் திடலில், பந்து வருவதற்கு முன்பே சுற்றிப் பார்க்கும் பழக்கம் வர இதைச் செய்யுங்கள்: பந்து வாங்குகிறவனுக்குப் பின்னால் ஒருவன் விரல்களைக் காட்டட்டும், பந்து காலுக்கு வருவதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று இவன் கத்த வேண்டும். சொல்லாவிட்டால் பந்து அடுத்தவனுக்கு.