பழைய காருக்குப் பவர் ஸ்டீயரிங் பொருத்துவதற்கு முன்

அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ வீட்டில் இன்னும் பேணி வைத்திருப்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “ஸ்டீயரிங் கல்லாக இருக்கிறது, பவர் போட்டுவிடலாமா?” என்பதுதான். அந்த இறுக்கத்தில் பெரும்பங்கு வண்டியின் பிறவிக் குணம் அன்று, பல ஆண்டுகளாகக் கிரீஸ் காணாத மூட்டுகளின் குணம் என்பது என் அனுபவம். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

முன்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே இறுக்கமாக இருந்தால் கோளாறு, திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸிலோ, ராக்கிலோ (பல்வரிசைக் கம்பி), சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னிலோ, ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டான காலத்தின் (column) புஷ்ஷிலோ இருக்கிறது. சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்பினால், குற்றம் சக்கரத்தின் பக்கமா பாக்ஸின் பக்கமா என்பது தெரிந்துவிடும். அந்தரத்தில் இலேசாகத் திரும்பி, தரையில் இறக்கியதும் இறுகினால் காரணம் டயர், காற்றழுத்தம் அல்லது வீல் அலைன்மென்ட். பழைய வகை கிராஸ் பிளை டயரைக் கழற்றிவிட்டு இக்கால ரேடியல் டயரை அகலமாகப் போட்ட வண்டிகள், நிறுத்துமிடத்தில் இறுகுவது இயல்பு. அதைப் பட்டறையால் முழுமையாகப் போக்க முடியாது.

மூட்டுகளுக்கு மசகு கொடுப்பதிலும் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. கிங் பின்னுக்கு, கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிள் வழியாகக் கிரீஸ் கன்னால் புதுக் கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும், அதுவும் சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடித்தால்தான் உள்ளே இறங்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கீழ் டிரன்னியனுக்கோ (சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) கிரீஸ் ஆகாது, 90-ஆம் எண் கியர் ஆயில்தான் விட வேண்டும். இதை அறியாமல் கிரீஸைத் திணித்த வண்டிகளில் அந்த மூட்டு தேய்ந்து, கடைசியில் சக்கரமே சாய்ந்துவிடும். ஸ்டீயரிங்கில் உள்ள வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால் அதில் பாதி ஆட்டம் இருந்தாலே பட்டறைக்கு எடுத்துச் செல்வேன். ஆனால் ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று பாக்ஸின் சரிக்கட்டும் திருகை முறுக்கிக்கொண்டே போனால், நடுவில் சரியாக இருப்பது ஓரங்களில் பிடித்துக்கொள்ளும்.

இத்தனையும் சீராக இருந்தால், பவர் இல்லாத மானுவல் ஸ்டீயரிங் ஓடும் வண்டியில் பாரமே அன்று. அம்பாசிடருக்கு பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிடமிருந்து வந்த ராக் அண்டு பினியன் (பல்வரிசைக் கம்பியும் சிறு பல்சக்கரமும்) அமைப்பு, சாலையின் மேடு பள்ளத்தை நேராகக் கைக்குச் சொல்லும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுகளில், முன்சக்கரம் மண்ணில் வழுக்கத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன் கை உணர்ந்துவிடும். பின் இருக்கையிலும் டிக்கியிலும் மாம்பழக் கூடைகளை அடைத்துக்கொண்டு காவேரிப்பட்டணத்திலிருந்து கிளம்பினால், முன்பக்கம் இலேசாகி ஸ்டீயரிங் மிதப்பதும் அப்படியே தெரியும். இந்த உணர்வைத்தான் பவர் ஸ்டீயரிங் ஓரளவு மறைக்கிறது.

தோள் வலி உள்ளவர்களும் நெருக்கடியான தெருவில் தினமும் வண்டியை மடக்கித் திருப்ப வேண்டியவர்களும் பவர் ஸ்டீயரிங்கை நாடுவதில் தவறில்லை. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்த ஹைட்ராலிக் முறையில், எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் பம்பு ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுகிறது. பழைய எஞ்சினில் இதைச் சேர்த்தால் புல்லிக்கு இடம் தேட வேண்டும், குழாய்க் கசிவைக் கவனிக்க வேண்டும், முழுக்கத் திருப்பும்போது ஐட்லிங் விழுவதையும் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் உதவியும் நின்று, ஸ்டீயரிங் மானுவலைவிடக் கனமாகிவிடும். தொப்பூர் கணவாயில் பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து இறக்குவது எந்த வண்டிக்கும் ஆபத்து. இத்தகைய வண்டிக்கு இரட்டை ஆபத்து.

ஆகவே பழைய காருக்கு நான் பரிந்துரைப்பது, ஸ்டீயரிங் காலத்தில் (column) பொருத்தித் திருப்ப உதவும் எலக்ட்ரிக் மோட்டாரைத்தான். ஆனால் அதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். பழைய வகை மின் உற்பத்திக் கருவியான டைனமோ உள்ள வண்டி 20 ஆம்பியரைச் சுற்றியே தரும், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. மோட்டாரோ வண்டி நிற்கும்போது திருப்பினால்தான் மிக அதிகமாக இழுக்கும். ஆகவே டைனமோவுக்குப் பதில், ஐட்லிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போட்ட பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் வழிவந்த சில பழைய கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரை இணைத்தால் அன்றைக்கே கருகிவிடும். மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரையும் தனி ஃபியூஸையும் கொடுக்க வேண்டும்.

பொருத்தும்போது பெரிய இடைஞ்சல், ஸ்டீயரிங் அருகிலேயே கியர் லிவர் உள்ள வண்டிகளில் வரும். லிவர் கம்பிகள் மோட்டாரின் மேல் உரசாமல் செல்ல இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே யூனிட்டை வாங்குங்கள். ஸ்டீயரிங் ஷாஃப்டை வெட்டிக் கண்ட இடத்தில் வெல்டிங் வைப்பதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், லேத்தில் பல் வெட்டிய இணைப்பும் முறையான யுனிவர்சல் ஜாயின்ட்டும்தான் அதற்கு உரியவை. நவீன கார்களிலிருந்து எடுத்த யூனிட்டுகள் வேகத்தைக் கேட்டு உதவியைக் குறைப்பவை. பழைய காரில் அந்தத் தகவல் கிடைக்காது. எனவே உதவியின் அளவைக் கையால் குறைக்கும் குமிழைச் சேர்த்து, சேலம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் அளவுக்கு அதை இறக்கி வையுங்கள். அப்படியும் திரும்பத் தயங்கினால், காஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) சரிசெய்ய வழியுள்ள வண்டியில் அதைச் சற்றே கூட்டச் சொல்லுங்கள்.

50 ஆண்டைக் கடந்த வண்டியை 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதிய நினைப்பவர்கள், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையை மறக்க வேண்டாம். பிராக்கெட்டுக்காகச் சேஸிஸில் துளையிடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய பழைய ஸ்டீயரிங் காலத்தை (column) எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். மோட்டார் என்றாவது கைவிட்டால் ஒரு நாள் வேலையில் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.