முதல் ஏர் ரைபிள்: வாங்க வேண்டியது எது, செய்துகொள்ள வேண்டியது எது?

குறி சுடும் விளையாட்டில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, ரைபிளக் கடையில வாங்கணுமா, இல்ல நல்ல லேத் பட்டறையாப் பாத்துச் செஞ்சுக்கிடலாமா?" கடை விலையைக் கேட்டவருக்கு இந்த எண்ணம் எழுவது இயல்பு, பம்புசெட்டின் உதிரிப் பாகம் எதையும் கடைந்து தரும் கைகள் நம் பட்டறைகளில் இருக்கின்றன. ஆயினும் நான் சொல்லும் விடை இரண்டாகப் பிரியும். குழல், காற்றுப் பகுதி, டிரிகர் ஆகிய சுடும் பாகங்கள் முழுவதையும் உரிமம் பெற்ற நிறுவனம் செய்ததாகக் கடையில்தான் வாங்க வேண்டும். தோளோடும் கன்னத்தோடும் பொருந்தும், கட்டை எனப்படும் மரப்பகுதியை மட்டும் இங்கேயே, பிள்ளையின் அளவுக்குச் செய்துகொள்ளலாம்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வெடிமருந்தால் மட்டுமன்றி வேறு எந்த ஆற்றலால் குண்டைச் செலுத்தும் கருவியையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது. ஆகவே காற்றால் இயங்கும் ஒன்றைப் பட்டறையில் செய்வதும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதாகவே கொள்ளப்படும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின் உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்போருக்கான தண்டனை 7 ஆண்டுகளில் தொடங்கி ஆயுள் வரை நீள்கிறது. காட்டுப்பன்றிக்கு அஞ்சி மலையடிவார வயல்களில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குழலை வெட்டிக் குறுக்குவதும், ஸ்பிரிங்கை மாற்றி வலுவைக் கூட்டி வேறு வகை ஆயுதமாக்குவதும் அதே சட்டத்தின் 6ஆம் பிரிவில் தடுக்கப்பட்டவை.

வாங்குவதற்கோ அவ்வளவு இடையூறு இல்லை. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளை வைத்திருக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை; அடையாளச் சான்றைக் கொடுத்து, பெரியவர் ஒருவர் பெயரில் ரசீதோடு வாங்கினால் போதும். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பயிற்சிக்குப் பேருந்தில் எடுத்துச் செல்லும்போது கேள்வி எழுந்தால் அதுவே விடை. 20 ஜூல் என்பது குறைவோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் போட்டியில் சுடும் ரைபிளின் ஆற்றல் ஏறத்தாழ 8 ஜூல்தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் வென்றதும் இந்தப் போட்டியில்தான். அந்த இலக்கில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதைத் தொடுவதற்கு வலு உதவாது, பொருத்தமே உதவும்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, பிள்ளையின் எந்தக் கண் முந்துகிறது என்று அறிவது. இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையே சிறு துளை விட்டு, அதன் வழியே எதிர்ச்சுவரில் உள்ள காலண்டரின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது தேதி துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே குறி பார்க்கும் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் முந்துவது அரிதன்று; அதை அறியாமல் வலப்பக்கக் கட்டையை வாங்கிவிட்டு ஓராண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். இரண்டாவது, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, அதன் உள்மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளப்பது. கட்டையின் பின்முனைக்கும் டிரிகருக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ இந்த அளவில் இருக்க வேண்டும். பெரியவருக்கென்று செய்த கட்டை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். பிள்ளை அதை ஈடுகட்ட இடுப்பைப் பின்னுக்கு வளைக்கும், அந்த வளைவு பழக்கமாகிவிட்டால் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. கையால் மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள் விலை குறைந்தது, பழுது பார்க்க எளியது. ஆனால் உள்ளே பிஸ்டன் பாய்வதால் பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டு குழலை விட்டு நீங்குமுன்னே ரைபிள் அசையும். அதை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பிடிக்கப் பழக வேண்டும். சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடும் பி.சி.பி. வகையில் அந்த அசைவு மிகக் குறைவு, போட்டிகளில் சுடுவதும் அதுவே. ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பச் சிறப்புக் கைப்பம்போ பெரிய சிலிண்டரோ தேவை, ஜெர்மனியிலிருந்து வரும் போட்டி ரைபிள்களின் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும். முதல் ஆறு மாதமாவது கிளப்பின் ரைபிளில் சுடவிட்டு, ஆர்வம் நிலைத்த பின் இந்திய நிறுவனம் ஒன்றின் ரைபிளை வாங்குவதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. பழைய போட்டி ரைபிள் விலைக்கு வந்தால் சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் பாருங்கள். போட்டி விதிப்படி சிலிண்டரின் ஆயுள் மிஞ்சிப்போனால் 10 ஆண்டு. ஸ்பிரிங் வகையானால் பைமீது சார்த்தி 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டுப் பார்த்து, அவை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகின்றனவா என்று சோதியுங்கள். பெல்லட் இல்லாமல் விசையை அழுத்திக் காட்டுபவரிடம் வாங்காதீர்கள். காற்றின் தடை இல்லாமல் பிஸ்டன் மோதி உள்ளே கெட்டிருக்கும்.

மரவேலைக்கு வருவோம். வாங்கிய கட்டையை அறுக்க வேண்டாம். முதல் ஆண்டில் கன்னத்துக்கு ஒரு துண்டும், நீளம் போதாதவர்க்குப் பின்முனையில் சேர்க்க மெல்லிய பலகைகளும் போதும். கட்டை நீளமாக இருந்தால் மட்டும் புதிய கட்டை தேவைப்படும். அதற்கு நம் ஊரில் மரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது பழைய மரக்கடைக்கு வரும் தேக்கு உத்திரம் பல பத்தாண்டுகள் காய்ந்து ஆட்டம் ஓய்ந்தது, புதுமரத்தைப்போல் முறுக்கிக்கொள்ளாது. அட்டையில் வடிவத்தை வெட்டி, பிள்ளையை நிறுத்தித் தோளில் வைத்துப் பார்த்து, கன்னம் தானாகச் சாயும் இடத்தில் கண்ணும் குறியும் நேராக வருகின்றனவா என்று இரண்டு மூன்று நாள் சோதித்த பின்பே ஆசாரியிடம் கொடுங்கள். இரும்பு உட்காரும் பள்ளத்தை மட்டும் பழைய கட்டையில் உள்ள அதே அளவில் குடையச் சொல்லுங்கள். அங்கே ஒரு நூல் தளர்ந்தாலும் குறி அலையும். மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி. பிள்ளைக்கு அதைவிட நன்றாகக் குறைந்திருப்பதே நல்லது.

பயிற்சிக்கு நம் பழைய வீடுகள் வாய்ப்பானவை. பட்டாசல் என்னும் கூடத்திலிருந்து புறவாசல் வரை பத்து மீட்டர் கிடைக்கும் வீடுகள் திருநெல்வேலித் தெருக்களில் இன்னும் உள்ளன. இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பின்னால் கனத்த இரும்புத் தகடு வைத்த பெட்டியும், அதன் பின்னே சுவரும் வேண்டும். புறவாசல் கதவைத் தாழிட்டு, இடையில் திறக்கும் அறைக்கதவுகளையும் பூட்டிய பிறகே பெல்லட்டைக் கையில் எடுக்க வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் பிள்ளை எதையும் உண்ணக் கூடாது. மரத்தில் இருக்கும் காக்கையையும் கொக்கையும் குறிவைக்கும் ஆசை ஒருமுறை எழுந்தாலும் ரைபிளைப் பூட்டிவையுங்கள். கூந்தன்குளத்து மக்கள் தம் வீட்டு மரங்களில் பறவைகளைக் கூடுகட்டவிட்டுக் காக்கும் நாடு இது.

குற்றாலச் சாரல் காலத்திலும், உவரி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும், குழலின் வெளிப்புறத்தை மெல்லிய எண்ணெய்த் துணியால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைக் காற்றறைக்குள் விடாதீர்கள். அழுத்தத்தில் அது பற்றி எரிந்து உள்ளிருக்கும் வாஷரைக் கெடுக்கும். ஸ்பிரிங் ரைபிளானால் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழங்கை அளவை மீண்டும் எடுத்து, வளர்ந்த அளவுக்குப் பின்முனையில் ஒரு பலகையைச் சேருங்கள்.